அம்மன் வண்டிக்குக் கரண்ட் கொடுத்தேன்

என் மனைவி வீட்டு ஆள் ஒருத்தர்கூட என் புதுக் காரில் கால் வைக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு!

இது நான் எடுத்த சபதம். சத்தமாக எடுக்கவில்லை. சத்தம் போட்டுச் சபதம் எடுப்பதெல்லாம் கல்யாணம் ஆகாதவர்கள் செய்கிற வேலை. நான் மனசுக்குள் எடுத்தேன். அதுவும் கமலாம்பாள் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரமாகப் பார்த்து எடுத்தேன். பக்கத்தில் இருந்தால் மனசுக்குள் பேசுவதும் அவளுக்குக் கேட்டுவிடும்.

நான் வெங்கடாசலம். மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றிவிடும் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவன். சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் என் மகன் அருண்ராஜ், தீபாவளிக்கு வந்தவன், "அப்பா, இனிமே நீ பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது" என்று ஒரு வெள்ளைக் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு ஏறிப் போய்விட்டான். விமானத்தில்தான்.

எங்கள் ஊர் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. வெள்ளரிக்காயை நறுக்கி ஜன்னலோரம் காட்டினால் போதும், உப்பு தானாக ஏறிக்கொள்ளும். ஒருவன் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். கை கழுவிக்கொண்டு வந்தான். பெல் மட்டும் இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் புதுக் கார் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி. தினமும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினேன். துவட்டினேன். போர்த்தினேன். திருஷ்டிப் பொட்டு மட்டும்தான் பாக்கி. அதையும் பின்பக்கக் கண்ணாடியில் வைத்தேன்.

காற்றைக்கூடச் சமாளிக்கலாம். கிளியனூரைச் சமாளிக்க முடியாது. கமலாம்பாள் பிறந்த ஊர் அது. அங்கே ஒரு முழுத் தெருவும் அவளுக்குத் தம்பி, தங்கை, சித்தி, சித்தியின் சம்பந்தி. ஒருத்தரை ஏற்றிக்கொண்டால் ஒன்பது பேர் ஏறுவார்கள். ஏறுகிறவர்கள் சும்மா ஏற மாட்டார்கள். பலாப்பழத்தோடு ஏறுவார்கள். திரும்பும்போது நம்மூர்க் கருவாட்டோடு ஏறுவார்கள். அந்த வாசனை காரில் ஏறினால், காரை விற்றாலும் வாசனையை விற்க முடியாது.

என் சபதத்துக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. கார் எடுத்த அன்று பாண்டிச்சேரி ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன் அரைமணி நேரம் பேசினான். அதில் ஒரே ஒரு வாக்கியம் என் காதில் ஒட்டிக்கொண்டது. "சார், மூணு வருஷம் வாரண்டி. ஆனா உங்க பேட்டரியிலிருந்து வயர் போட்டு வேற வண்டிய ஸ்டார்ட் பண்ணப்போய், நம்ம வண்டியில ஏதாவது புகைஞ்சுதுன்னா கம்பெனி பொறுப்பு இல்ல. உள்ள எல்லாம் கம்ப்யூட்டர் சார்."

உப்பு மேஸ்திரி நான். ஒரு கல் உப்பை ஒன்பது சட்டிக்குப் போடத் தெரிந்தவன். இந்த ஒரு வாக்கியத்தை விடுவேனா?

முதல் சட்டி எதிர்வீட்டு தட்சணாமூர்த்தி. அவரிடம் ஒரு கிழட்டு அம்பாசிடர் இருக்கிறது. காலையில் அது கிளம்புவதற்கு நாலு பேர் தள்ள வேண்டும். தள்ளுகிற நாலு பேரும் அதே வேகத்தில் நடந்தே போயிருந்தால் திண்டிவனம் சேர்ந்திருப்பார்கள். ஒருநாள் கையில் சிவப்பும் கறுப்புமாய் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி, பேட்டரி படுத்துடுச்சு. உங்க வண்டியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுங்களேன். ரெண்டே நிமிஷம்."

"ஐயோ! வாரண்டி போயிடுமே!"

"எங்க போயிடும்?"

"செத்துப் போயிடும்ங்க. ஒரு தடவை வயரை மாட்டினாப் போதும். அந்த நிமிஷமே முடிஞ்சுது. உள்ள கம்ப்யூட்டர் இருக்குது. அது உடனே கம்பெனிக்குச் சொல்லிடும்."

"போன் பண்ணியா?"

"அதெல்லாம் சாட்டிலைட்டுங்க."

தட்சணாமூர்த்தி வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த கமலாம்பாள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் காது என் பக்கம் திரும்பியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று முதல் வாரண்டி எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டது.

"ஏங்க, கலியன் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லையாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு, அவளையும் இங்க கூட்டியாந்துடலாமா?"

"நாலு பேருக்கு மேல ஏறினா வாரண்டி போயிடும்."

"அவ ஒருத்திதானேங்க."

"அவ ஒருத்தியே ரெண்டு பேரு."

கலியன் என் மச்சான். கமலாம்பாளின் கடைக்குட்டித் தம்பி. கிளியனூரில் மினி லாரி ஓட்டுகிறான். அவன் மகள் ரேகா ஆரோவில்லில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறது. அங்கே வெள்ளைக்காரம்மா ஒருத்தியின் ஜீப்பை ஓட்டிப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டது. ஒருநாள் வந்து, "மாமா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டது.

"யார் பேர்ல வண்டியோ அவங்கதாம்மா ஓட்டணும். இல்லன்னா வாரண்டி போயிடும்."

"வண்டி அருண் மாமா பேர்லதானே இருக்குது?"

"அதுக்குத்தான் நானே பயந்து பயந்து ஓட்டுறேன்."

கருவாடு ஏற்றினால் வாரண்டி போய்விடும். பலாப்பழம் ஏற்றினால் வாரண்டி போய்விடும். கதவை அடித்துச் சாத்தினால் போய்விடும். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்தால் போய்விடும். நாலு மாசம் ராஜா மாதிரி இருந்தேன். நானும் காரும் மட்டும் சாயங்காலம் ஈ.சி.ஆரில் காற்று வாங்கிக்கொண்டு போவோம். பின்சீட்டில் என் துண்டு மட்டும் தனியாக உட்கார்ந்து வரும்.

மாசி மகம் வந்தது. சுற்றுப்பட்டு ஊர் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காகக் கடலுக்கு வரும் நாள். கிளியனூரில் கமலாம்பாள் வீட்டுத் தெரு முத்துமாரியம்மனும் வருஷா வருஷம் கலியனின் மினி லாரியில் சீரியல் பல்பு போட்டுக்கொண்டு வருவாள். வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கற்பூரம் வாங்கிக்கொள்வாள்.

முதல் நாள் சாயங்காலம் கமலாம்பாள் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். கேட்காமலே போட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்காமல் அவள் போட்டது சண்டை மட்டும்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பஜ்ஜி சூடாக இருந்தது. தட்சணாமூர்த்தியையும் கூப்பிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தட்டு கொடுத்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். இந்த வாரண்டி இருக்குதே, ஒரே ஒரு தடவை வேற வண்டிக்குக் கரண்ட் கொடுத்தாலே போயிடுமா?"

"போயிடும்."

"முழுசாவா? இல்ல, கொஞ்சம் மிச்சம் வைக்குமா?"

"முழுசாப் போயிடும். சொட்டு மிச்சம் இருக்காது."

"அப்புறம் திரும்பி வராதா?"

"செத்தவன் திரும்பி வருவானா?"

"ஐயோ பாவம். சரி, போயிட்டா அதுக்கப்புறம் அந்தக் காரை என்னங்க பண்ணுவாங்க?"

பஜ்ஜியின் ருசி நாக்கை இழுத்துக்கொண்டு போனது. "அப்புறம் என்ன? வாரண்டி போன காரு தாலியறுத்த மாட்டுவண்டி. யாரு வேணாலும் ஏறலாம். யாரு வேணாலும் ஓட்டலாம். கோழிக்கூண்டு ஏத்தலாம், கருவாட்டுக் கூடை ஏத்தலாம். போறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் தட்சணாமூர்த்தியைப் பார்த்து.

"நல்லாக் கேட்டுது" என்றார் அவர், நாலாவது பஜ்ஜியை எடுத்தபடி.

எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பம்பை, உடுக்கைச் சத்தத்தோடு முத்துமாரி வந்து சேர்ந்தாள். மினி லாரி முழுக்க வாழைமரமும் தோரணமும் வேப்பிலையும். நடுவில் மஞ்சள் புடவையில் அம்மன். அம்மனைச் சுற்றி என் மாமியார், மச்சானின் மனைவி, இரண்டு கொழுந்தியாள்கள், ரேகா. பின்னால் சாயங்காலப் பலிக்கு நேர்ந்துவிட்ட ஒரு கிடா, மாலையோடு. வண்டியைச் சுற்றி நடந்து வந்த கூட்டம் ஒரு தெரு நீளம்.

கமலாம்பாள் கற்பூரம் காட்டினாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூசாரி குழந்தைசாமி விபூதி கொடுத்தார். கலியன் சாவியைத் திருப்பினான்.

ஒன்றுமில்லை.

மறுபடி திருப்பினான். மறுபடி ஒன்றுமில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

"என்னடா கலியா?"

"பேட்டரி உக்காந்துடுச்சு மாமா. விடியறதுக்கு முன்னாலிருந்து சீரியல் பல்பு எரிஞ்சுது, மைக் செட்டு பாடுச்சு. மொத்தத்தையும் குடிச்சிடுச்சு."

"தள்ளுங்கடா!"

"ஆத்தா மேல உக்காந்திருக்கிறப்ப தள்ளக் கூடாது மாமா. ஆத்தாளைத் தள்ளிவிட்ட பாவம் நமக்கெதுக்கு?"

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. என் காரைப் பார்த்தது. கார் குளித்து முடித்து, பளபளவென்று, மூக்கை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. தட்சணாமூர்த்தி சிவப்பு கறுப்பு வயரோடு எதிர்வீட்டிலிருந்து வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை.

"முடியாதுங்க" என்றேன். "வாரண்டி போயிடும்."

உடுக்கை நின்றது.

குழந்தைசாமிக்கு அருள் வந்தது. சாதாரணமாக அவருக்கு அருள் வரக் கால்மணி நேரம் பம்பை அடிக்க வேண்டும். அன்றைக்கு அடிக்காமலே வந்தது. வேப்பிலையை வாயில் கவ்விக்கொண்டு என் முன்னால் குதித்தார்.

"டேய் மேஸ்திரி! யாருடா அவ?"

"யாரு ஆத்தா?"

"வாரண்டி! வாரண்டின்றியே, யாருடா அவ? என்னைவிடப் பெரியவளா?"

"இல்ல ஆத்தா... அது கம்பெனி..."

"எந்த ஊருக்காரிடா? எனக்குக் கொடுக்காம அவளுக்கு வச்சுக் காப்பாத்துறியா? நான் கடலுக்குப் போறது முக்கியமா, உன் வாரண்டி வீட்ல குந்திக்கினு இருக்கிறது முக்கியமா?"

கூட்டத்தில் ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "மேஸ்திரிக்கு பாண்டிச்சேரியில யாரோ இருக்காளாம்யா. இந்த வயசுல!"

இனிமேல் வாரண்டியைக் காப்பாற்றினால் மானம் போய்விடும். கமலாம்பாளைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று ஒரு ஆசை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடுத்துடுங்க. உங்க வாரண்டி போனாப் போவுது. ஆத்தா முன்னால நாம எம்மாத்திரம்? அதைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

அழுகிற முகம் மாதிரிதான் இருந்தது. தோள் மட்டும் எதற்குக் குலுங்கியதோ!

பானட்டை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. நாலு மாசமாக வெளியில் துடைத்தேனே தவிர உள்ளே பார்த்ததில்லை. ரேகா ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு எதையோ இழுத்தாள். பானட் வாயைப் பிளந்தது. "சிவப்புக்குச் சிவப்பு மாமா. கறுப்பை அந்த வண்டியில வெறும் இரும்புல கடிக்க விடணும். மாத்தி மாட்டினாத்தான் கம்ப்யூட்டர் போவும்" என்றாள். நான் என் சீட்டில் உட்கார்ந்து, காரை ஸ்டார்ட் செய்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

'சட்' என்று ஒரு சத்தம்.

என் வாரண்டியின் உயிர் பிரிந்த சத்தம் அதுதான் என்று முடிவு செய்தேன். கலியன் சாவியைத் திருப்பினான். மினி லாரி 'கர்ர்' என்று ஒரே மூச்சில் எழுந்து நின்றது. சீரியல் பல்பு எரிந்தது. மைக் செட் அலறியது. "ஓம் சக்தி!" என்று கூட்டம் கத்தியது. அருள் வந்த குழந்தைசாமி அப்படியே என் காரையும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, என் நெற்றியில் ஒரு பிடி விபூதியை அப்பினார். அதில் பாதி கண்ணில் விழுந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினேன். வயரைக் கழற்றலாம் என்று லாரியின் பக்கவாட்டில் குனிந்தேன். பேட்டரிப் பெட்டியை மூடியிருந்த வேப்பிலைக் கொத்தை விலக்கினேன்.

உள்ளே ஒரு பேட்டரி. புத்தம் புதுசு. கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரியவில்லை. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செண்டுமல்லி. உட்கார்ந்து போன பேட்டரிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? கலியனைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"கலியா! பேட்டரி புதுசுடா!"

"ஆமாம் மாமா. முந்தாநாள்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன்டா ஸ்டார்ட் ஆகல?"

"செல்ஃப் மோட்டார் வயரைக் கழட்டி வச்சிருந்தேன் மாமா. ரேகா சிவப்பை மாட்டினப்ப நானும் அதை மாட்டிட்டேன். அக்காதான் சொல்லுச்சு."

அக்கா! நான் திரும்பினேன். கமலாம்பாள் ஏற்கெனவே என் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ கமலா! சாமி விஷயத்துல விளையாடுவியா? ஆத்தா கண்ணைக் குத்தாதா?"

"கேக்காம செய்வேனா? வெள்ளிக்கிழமை கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பாத்தேன். செவப்பு வந்தா செய், வெள்ளை வந்தா வேணாம்னு. செவப்பு வந்துச்சு."

"முதல் தடவையேவா?"

"மூணாவது தடவை. ஆத்தாவுக்கும் யோசிக்க நேரம் வேணாமா?"

அதற்குள் லாரியிலிருந்து என் மாமியார் இறங்கி நேராக முன்சீட்டுக்கு வந்தாள். மச்சானின் மனைவி வந்தாள். கொழுந்தியாள்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் பலாப்பழம்.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று ஓடினேன். "யாரும் ஏறாதீங்க. வாரண்டி இருக்குது!"

"எது இருக்குது?" என்றாள் கமலாம்பாள். "செத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு தடவை கொடுத்தாலே முழுசாப் போயிடும், சொட்டு மிச்சம் இருக்காதுன்னு. தட்சணாமூர்த்தி அண்ணே, சொன்னாரா இல்லையா?"

"கோழிக்கூண்டுகூட ஏத்தலாம்னு சொன்னாரு" என்றார் தட்சணாமூர்த்தி. அன்று வயரைச் சுருட்டிக்கொண்டு போனவர், இன்று வாய் நிறையச் சிரித்தார்.

"அது... ஒரு தடவை கொடுத்தா ஒண்ணும் ஆகாது. சரியா மாட்டினா, எதுவும் புகையாம இருந்தா, வாரண்டி அப்படியேதான் இருக்கும்."

"ஓ! அப்போ நாலு மாசமா நீங்க சொன்னதெல்லாம்?"

குழந்தைசாமி வேப்பிலையை மறுபடி கையில் எடுத்தார். வாரண்டி இருக்கிறது என்றால் நான் பொய்யன். வாரண்டி இல்லை என்றால் கார் ஊர்ப்பொது. வாழ்க்கையில் எத்தனையோ லோடுகளுக்கு வழி சொன்னவன். அன்றைக்கு முன்னால் போகவும் இடமில்லை, ரிவர்ஸ் எடுக்கவும் இடமில்லை.

"செத்துடுச்சு" என்றேன்.

"பாவம், நல்ல வாரண்டி" என்றாள் கமலாம்பாள். "ஏறுங்கடி!"

ஏறினார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காரில் அஞ்சு சீட். ஏறியவர்களை நான் எண்ணவில்லை. எண்ண முடிகிற மாதிரி அவர்கள் உட்காரவில்லை. பலாப்பழம் கமலாம்பாள் மடியில். கமலாம்பாள் யார் மடியிலோ. திரும்பும்போது கருவாடு வாங்க என்று இரண்டு பனையோலைக் கூடை டிக்கியில். பின்சீட்டில் இருந்த என் துண்டை யாரோ ஜன்னல் வழியாக வெளியே நீட்டி என் கையில் கொடுத்தார்கள்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனேன். அங்கே ரேகா உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இறங்கும்மா. நான் ஓட்டணும்."

"உங்க கண்ணு ரெண்டும் செவந்துபோய் தண்ணியா ஊத்துது மாமா. விபூதி விழுந்த கண்ணோட எப்படி ஓட்டுவீங்க?"

"அவரு எங்க குந்துவாரு அத்தை?" என்று பின்னால் திரும்பியும் கேட்டாள். நல்ல பெண்.

"கலியன் வண்டியில நாங்க இருந்த இடமெல்லாம் காலியாத்தானே கிடக்குது?" என்றாள் கமலாம்பாள். "ஆத்தாளோட போற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நீங்க கொடுத்து வச்சவருங்க."

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ரேகா ஹாரன் அடித்தாள். என் கார் எனக்கே வழி கேட்டது. நான் விலகினேன்.

நாலு பேர் என்னைத் தூக்கி மினி லாரியின் பின்பக்கம் ஏற்றினார்கள். நாலு பேருக்கும் லோடு ஏற்றத் தெரியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. பம்பை முழங்கியது. உப்புக் குவியல்களுக்கு நடுவே வண்டி கடலைப் பார்த்து ஊர்ந்தது. முன்னால் என் வெள்ளைக் கார் சிட்டாய்ப் பறந்து சின்னதாகி மறைந்தது.

எனக்குக் கிடைத்த இடம் கிடாவுக்குப் பக்கத்தில். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேப்பிலையை மென்றது. மெல்லட்டும். எங்கள் இரண்டு பேரில் அதற்குத்தான் சாயங்காலம் வரைக்குமாவது வாரண்டி இருந்தது.